பெயர் வெட்டிய டம்ளர்கள்

எங்கள் ஊர் ஓட்டப் பந்தயத்தைக் குப்பையில்லாத பந்தயமாக்கியவன் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட்டது ஒரே ஒரு நாள். அதுவும் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பத்தரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாராவது என்னிடம் சுற்றுச்சூழல் என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறேன். முன்கோபி என்கிறார்கள். முன்கோபிதான்.

சங்கரன்கோவிலில் ஓர் அலுவலகத்தில் எனக்கு மேஜை வேலை. நாற்பது வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்து நடந்து, பொறுமையில்லாமல் ஓட ஆரம்பித்தேன். பனவடலிசத்திரம் போகிற சாலையில் விடியலில் என்னைப் போல ஏழெட்டுப் பேர் ஓடினார்கள். முதலில் தலையசைப்பு, பிறகு டீ, பிறகு ஒரு குழு, குழு என்று வந்தபின் ஒரு பந்தயம். வருஷா வருஷம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்தினோம். மைதானத்தில் தொடங்கி அதே சாலையில் போய் அதே சாலையில் திரும்ப வேண்டும். பத்து கிலோமீட்டர் ஒன்று, ஐந்து கிலோமீட்டர் ஒன்று. முடிகிற இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால், சாலையை ஒட்டி என் வீடு.

மூன்று வருஷத்துக்கு முந்தைய பந்தயம் முடிந்து, திரும்புமிடத்தில் நட்ட கொடியை எடுத்துவர ஸ்கூட்டரில் போனேன். ஓடும்போது கண்ணில் படாததெல்லாம் அப்போது பட்டது. வழி நெடுக தண்ணீர் பாட்டில்கள், பழரசம் வந்த காகித டப்பாக்கள், சத்துக் கூழ் உறைகள், நடுவில் ஒடிந்து தொங்கும் ஃபிளெக்ஸ். பாதி பாட்டில்கள் கருவேல முள்ளுக்குள் உருண்டு கிடந்தன. படித்தவர்கள், உடம்பைப் பேணுகிறவர்கள், ஒரு மடக்குக் குடித்துவிட்டு விசிறியடித்துப் போயிருந்தோம். அதில் நானும் ஒருவன்.

அங்கே ஒரு பெண் குப்பை அள்ளிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவைப் பல வருஷமாகக் கூட்டுகிற தூய்மைப் பணியாளர்தான். என் வயது இருக்கும். தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடத்தை வைத்துக்கொண்டு, பொறுக்கிய ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து மிச்சத் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டுத்தான் சாக்கில் போட்டார்.

"எதுக்கும்மா இது?" என்றேன்.

"அம்புட்டும் நல்ல தண்ணி சார். ஒரு மடக்கு குடிச்சிட்டு எறிஞ்சிருக்காவ. எங்க தெருக் கொழாயில தண்ணி வந்து நாலு நாளாச்சு. கீழ ஊத்த மனசு வரல. துணி அலசவாவது ஆகும்லா."

எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் எனக்கு வாய் நீளும். "அடுத்த வருசம் நீங்க அள்ள வேண்டாம். ஓட வாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நான் ஓடுனா அள்ளுதது யாரு?"

"அள்ள ஒண்ணுமே இருக்காது. நான் சொல்லுதேன்லா."

"இருந்துச்சுன்னா?"

"இருந்தா நான் அள்ளுதேன்."

சொன்னதை நான் மறந்திருப்பேன். அவர் மறக்கவில்லை. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் விட்டுப்போன குப்பையை அள்ளி முடித்த வாரத்தில், எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, "சார், அன்னைக்கு ஓட வரச் சொன்னது நெசமாத்தானா?" என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். "காலையில காலி வண்டியத் தள்ளிக்கிட்டே ஓடிப் பாக்கேன் சார். மூச்சு வாங்கல" என்றார். சிறுபிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் ஓடி ஒரு சோப்புப் பெட்டி பரிசு வாங்கினாராம். அதன் பிறகு ஓட யாரும் கூப்பிடவில்லையாம்.

அன்றிலிருந்து அந்தப் பந்தயம் எனக்கு வேறு பந்தயமாகிவிட்டது. குப்பை விழுந்தால் அவர் பாதி வழியில் நின்று குனிந்து பொறுக்குவார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. விழவிடக் கூடாது. அவர் ஒரு நாளாவது அந்தச் சாலையில் குனியாமல் போக வேண்டும்.

குழுவில் நான் போட்ட சண்டைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஃபிளெக்ஸ் கூடாது என்றேன். வழக்கமாகப் பண உதவி செய்கிறவர் தன் முகம் இல்லாத விளம்பரம் எதற்கு என்று விலகிக்கொண்டார். துணியில் எழுதினோம். பந்தயப் பெயர் போட்ட பனியன் கிடையாது என்றேன்; இளவட்டங்கள் முறைத்தார்கள். நெஞ்சில் குத்தும் எண்களைப் பழைய வேட்டியைக் கிழித்து எழுதி, முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. மேடையில் பொன்னாடை போர்த்தக் கூடாது என்றபோதுதான் உண்மையான கலவரம். "பொன்னாடை இல்லாம எந்தப் பெரிய மனுசன்வே மேடையேறுவான்?" என்றார் ஒருவர். அந்த மினுமினுப்புத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன செய்கிறார்கள் என்று யாராவது சொல்லுங்கள் என்று கத்தினேன். யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு புளியங்குடி எலுமிச்சங்கன்று கொடுப்பதென்று முடிவாயிற்று.

மிச்சம் இருந்தது தண்ணீர். பாட்டில் கூடாது, காகிதக் கப்பும் கூடாது. காகிதக் கப்புக்கு உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்று நான் ஊரில் டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். அப்படியென்றால் எவர்சில்வர் டம்ளர். எங்கள் குழுவில் கடையநல்லூர்க்காரர் ஒருவர் உண்டு. துபாயில் பல வருஷம் இருந்து திரும்பியவர், பெரிய பந்தயங்களில் ஓடியவர். அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"அண்ணாச்சி, வாடகைப் பாத்திரக் கடையில டம்ளர் எடுத்திருவோம். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கழுவ நாலு ஆளு வச்சா சோலி முடிஞ்சுது."

நான் கேட்கவில்லை. என் புத்தி அப்படி. ஊரே பங்கெடுக்க வேண்டும் என்று ஆசை. கல்யாண வீட்டுக்கு அண்டை வீடுகளில் பாத்திரம் வாங்குவோமில்லையா, அதுபோல சாலையோரத்து வீடுகளில் வீட்டுக்குப் பத்து டம்ளர் கேட்போம், அந்தந்த வீட்டுக்காரர்களே தங்கள் வாசலில் நின்று எலுமிச்சைத் தண்ணீர் கொடுக்கட்டும், அவர்களே கழுவட்டும் என்றேன். கடையநல்லூர்க்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "வீட்டு டம்ளரா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று அப்போது நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

வீடு வீடாகப் போனேன். யாரும் மறுக்கவில்லை. "நம்ம வாசல்ல ஓடுத பிள்ளையளுக்குத் தண்ணி குடுக்கக் கசக்குமா?" என்றார்கள். எல்லா டம்ளரிலும் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீரில் வந்தவை, புதுமனை புகுவிழாவில் வந்தவை, செத்துப்போனவர்களின் பெயர் உள்ளவை. எது எந்த வீட்டு டம்ளர் என்று குழம்பவே குழம்பாது என்று நான் சந்தோஷப்பட்டேன். எங்கள் வீட்டுப் பங்கு, என் அம்மா பெயர் வெட்டிய பத்து டம்ளர். என் மனைவி அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

பந்தய நாள் வந்தது. அந்த அம்மா சுடிதாருக்கு மேல் ஆண்கள் சட்டை ஒன்று போட்டு, நான் வாங்கித்தந்த ஷூவோடு வந்து நின்றார். ஷூ பெரிதாக இருந்ததால் இரண்டு சாக்ஸ். வேட்டித் துணி எண்ணை நானே அவர் கையில் கொடுத்தேன். அவரே அதை நெஞ்சில் ஊசியால் குத்திக்கொண்டார். கொடியசைத்ததும் கூட்டத்தோடு போனார். நான் அன்று ஓடவில்லை. முடிகிற இடத்தில் நின்றேன்.

ஐந்து கிலோமீட்டரில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்துசேர்ந்தார். முகம் சிவந்து, உதடு காய்ந்து, ஆனால் நடக்காமல் ஓடியே வந்தார். கை தட்டினோம். வந்த வேகத்தில் நேரே மைதானத்து ஓரக் குழாய்க்குப் போய், இரண்டு கையாலும் ஏந்தி ஏந்திக் குடித்தார்.

நான் கேலியாகச் சொன்னேன்: "வழியெல்லாம் தண்ணி வச்சிருக்கோம். ஒண்ணையும் திரும்பிப் பாக்காம அம்புட்டு வேகமா ஓடுனியளோ?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா சார்" என்றார். சிரித்தார் என்றுதான் நினைத்தேன்.

மேடையில் விருந்தினர் ஒருவர் எலுமிச்சங்கன்றைக் கையில் பிடித்தபடி பேசினார். ஒரு கப், ஒரு பாட்டில்கூட விழாத பந்தயம் என்றார். என்னைக் கூப்பிட்டு நிறுத்திக் கைதட்ட வைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூட்டம் கலைந்ததும் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் திரும்புமிடம் வரை போனேன். கிடந்தால் நான் அள்ளுவதாகச் சொன்ன வாக்கு இருக்கிறதே. ஒன்றும் கிடைக்கவில்லை. வெறும் தார்ச் சாலை, வெயில், இரண்டு பக்கமும் முள். காலிச் சாக்கோடு திரும்பி வரும்போது நான் பாட்டுப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்கு வந்தேன். காம்பவுண்டுச் சுவரின் மேல் ஒரு காகிதக் கப் இருந்தது. நிறைய எலுமிச்சைத் தண்ணீர். யாரும் வாய் வைக்கவில்லை.

கோபம் தலைக்கேறிவிட்டது. ஊருக்கெல்லாம் உபதேசம், என் வீட்டு வாசலிலேயே காகிதக் கப்பா? உள்ளே போய்க் கத்தினேன்: "இது எவன் கொண்டுவந்து வச்சது?"

மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அதுவா? அது அவளுக்குக் குடுத்தது" என்றாள்.

"எவளுக்கு?"

"நம்ம தெருக் கூட்டுதவளுக்கு. வந்து நின்னா. குடுத்தேன். வாங்கிக் கையில வச்சுப் பாத்துக்கிட்டே நின்னா. பொறவு செவுத்து மேல வச்சிட்டு ஓடிட்டா. தண்ணி வேண்டாம்னா வாங்காம இருக்க வேண்டியதுதான?"

எனக்கு வாய் அசிங்கமாக நீண்டது. என்னென்னவோ சொல்லித் திட்டினேன். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் அழவில்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

"இப்பம் எதுக்கு இந்தக் கத்து கத்துதிய? பக்கத்து வீட்டு அக்கா நிக்கா, எதுத்த வீட்டு மதினி நிக்கா. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காவ. அத்தை பேரு வெட்டுன டம்ளரு. நான் என்ன செய்ய? நானா புதுசா எதும் செஞ்சிட்டேன்? காலையில அவளுக்கு நீங்க எதுல டீ குடுப்பிய? அந்தக் கப்புதான் அது. சன்னல்ல நீங்க அடுக்கி வச்சிருக்கது. நீங்க குடுக்க மாதிரித்தான நானும் குடுத்தேன்?"

வாசல் சன்னலில் கம்பிக்குப் பின்னால், ஒன்றுக்குள் ஒன்று செருகிய காகிதக் கப்புகளின் அடுக்கு ஒன்று இருந்தது. நான் வாங்கி வைத்ததுதான். ஊரில் உள்ள எல்லாக் கடைகளிலும் காகிதக் கப்பை எதிர்த்தவன், என் வீட்டில் அதை ஒரே ஒரு ஆளுக்காக வாங்கி வைத்திருக்கிறேன். காலையில் அவரைக் கூப்பிட்டு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, எவ்வளவு நல்லவன் நான் என்று நினைத்துக்கொண்டு ஓடப் போயிருக்கிறேன். வருஷக் கணக்காக. ஒரு தடவைகூட என் கண்ணுக்கு அது தெரியவில்லை. முந்தைய வருஷம் ஊரார் வாய் வைத்த தண்ணீரை அவர் குடத்தில் சேர்த்துக் கொண்டுபோனாரே, அது எனக்கு மனசைப் பிசைந்தது. அவர் வாய் வைத்தால் என் அம்மாவின் டம்ளருக்கு என்ன ஆகிவிடும் என்று ஒரு நாளும் என்னையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமலே பதில் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அந்த அடுக்கு அங்கே இருந்தது.

அந்தக் கப்பை எடுத்துப் போய்ச் சாக்கில் போட்டேன். அந்தப் பந்தயத்தின் குப்பை முழுவதும் அதுதான்.

இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் ஒளிந்தேன். மூன்றாம் நாள் தெருமுனையில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துப் போயிருந்தும், வாயில் வந்தது "தப்பு நடந்துபோச்சும்மா" என்பதுதான்.

"வீட்டம்மாவ வையாதீங்க சார்" என்றார். "அவுக பாவம். நான்தான் நின்னிருக்கக் கூடாது. வேற எங்கனயும் நான் நிக்கல. தெரியும்லா. உங்க வீடுன்னுதான் நின்னேன்."

குரலில் குறை சொல்லும் தொனியே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

நான் அவசரமாக அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே. வீட்டு டம்ளர் வேண்டாம், ஓடுகிறவர் எல்லாரும் அவரவர் டம்ளரைக் கொண்டுவரட்டும் என்றேன். அவர் கூட்டிக்கொண்டே சொன்னார்: "என்னயப் பெத்த அய்யா அப்படித்தான் சார் டீக்கடைக்குக் கொண்டுபோவாரு. வெளிய நின்னு நீட்டணும். மேல இருந்து ஊத்துவாவ."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. குழுவில் ஒரு எஞ்சினீயர் கைபேசியில் படம் காட்டியிருந்தார். இயற்கைப் பொருள், மக்கிப்போகும், பார்க்கவும் அழகு. "தேங்காய்ச் சிரட்டையில கப் செஞ்சு விக்காங்களாம். எல்லாருக்கும் அதுலயே குடுத்திரலாம்" என்று சொல்லிவிட்டேன்.

விளக்குமாறு நின்றது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை; இந்த மனிதருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாதா என்று பார்த்தார்.

"அது எங்க தாத்தாவுக்குக் குடுத்தது சார்" என்றார். "கடைக் கூரையில செருகி வச்சிருப்பாவளாம். குடிச்சிட்டுக் கழுவி அங்கனயே செருகணுமாம்."

தெருவில் ஒரு ஆட்டோ எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் குப்பையைக் குவித்து முறத்தில் வாரினார்.

"அடுத்த வருசம் பாட்டிலே வாங்கிருங்க சார். மூடி திறக்காத பாட்டில். அதுன்னா எல்லாருக்கும் ஒண்ணுபோல இருக்கும். யாரும் தொட்டுக் குடுக்க வேண்டாம், யாரும் பாக்க வேண்டாம். கெடந்தா கெடக்கட்டும். நான் அள்ளிக்கிடுதேன்."

"நீங்க ஓட வருவீங்களா?"

"அள்ள வாரேன் சார்."

பாட்டில் வாங்கினோம். குழுவில் எல்லாருக்கும் நிம்மதி. என்னிடம் சண்டைக்குத் தயாராக வந்தவர்கள் நான் உடனே ஒத்துக்கொண்டதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். ஃபிளெக்ஸ் திரும்பி வந்தது. பொன்னாடை வந்தது. கடையநல்லூர்க்காரர் மட்டும், "வாடகை டம்ளரு இன்னும் இருக்கு அண்ணாச்சி" என்றார். அவரிடம் எதைச் சொல்வது? டம்ளரை மாற்றிவிடலாம். அதை நீட்டுகிற கையை எந்தக் கடையில் வாடகைக்கு எடுப்பது? சன்னலில் இருந்த கப் அடுக்கை நான் எடுத்தெறிந்த மறுநாளிலிருந்து அந்த அம்மா எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவதில்லை. டீ குடிக்கக் கூப்பிட்டால் வேலை கிடக்கிறது என்கிறார். டம்ளரில் ஊற்றி எடுத்துப் போய் நீட்டிப் பார்த்தேன். "சர்க்கரை ஆகாது சார்" என்றார்.

போன தையில் பந்தயம் நடந்தது. எங்கள் வாசலிலும் பாட்டில் பெட்டிகளை இறக்கியிருந்தார்கள். ஓடுகிறவர்கள் வாங்கினார்கள், ஒரு மடக்குக் குடித்தார்கள், எறிந்தார்கள். சாலை பழையபடி ஆயிற்று. கடைசி ஆளும் போன பிறகு அவர் தள்ளுவண்டியோடு குனிந்து குனிந்து வந்தார். நான் வாசலில் நின்றிருந்தேன். என் மனைவி தானாகவே இறங்கிப் போய் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கினார். மூடியைத் தானே திருகித் திறந்து, அண்ணாந்து, அங்கேயே நின்று குடித்தார். பக்கத்து வீட்டு அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தாள். ஒரு வருஷமாக அவளுக்கும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது; இப்போது இறங்கிவிட்டது.

"பாத்தியளா? இன்னைக்குக் குடிச்சிட்டா" என்றாள். "இனி உங்களுக்குத் தீந்துச்சுல்லா?"

வெயிலில் நின்று எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுக்களைக்குப் போய் அம்மா பெயர் வெட்டிய டம்ளரில் தண்ணீர் மொண்டு கொண்டுவந்து தந்தாள். வாங்கிக் குடித்தேன்.